முடுக்கு விடணும், சரி. மனையே முடுக்கு அளவுக்கு இருந்தா?

தூத்துக்குடியில் பிளான் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறவர்களிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "செட்பேக்ல கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்பதுதான். செட்பேக் என்றால் கட்டிடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி. வீடு கட்டுகிறவர்களும் கேட்பார்கள். ஆனால் விடாப்பிடியாகக் கேட்பது கடை கட்டுகிறவர்கள். வீட்டுக்கு முன்னால் விடுகிற இடத்தில் பைக் நிறுத்தலாம், ஒரு செம்பருத்தி வைக்கலாம். கடைக்கு முன்னால் விடுகிற ஒவ்வொரு அடியும் வாடகை வரவேண்டிய அடி. அதனால் அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் நியாயமாகவே படுகிறது. அதற்குச் சொல்கிற பதில்தான் சிக்கலானது.

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி கூடிக்கொண்டே போகிறது. 2024 பிப்ரவரியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் வைத்தார்கள், 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். அதே 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் விழுந்தது. வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புது முனையம் வந்தது. ஊருக்குள் இடம் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. அப்பா காலத்துக் கிட்டங்கியை இடித்துவிட்டு, கீழே கடை, மேலே ஆபீஸ், அதற்கும் மேலே லாட்ஜ் என்று கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். ஊர் வளரவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

ஆனால் இந்த ஊரின் பழைய மனைகள் அந்தக் கணக்குக்கு இடம் கொடுக்காது.

கிரேட் காட்டன் ரோடு பக்கமும் அதை ஒட்டிய தெருக்களிலும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பருத்தி ஏற்றுமதிக்காகப் பெருத்த ஊர் இது. 1876-இல் ரயில் வந்து சேர்ந்த பிறகு பொதி பொதியாகப் பஞ்சு இங்கே இறங்கியது. கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணியில்தான் சரக்கு போகும். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகம் வரும்வரை ஊரின் வியாபாரம் முழுக்க இந்தப் பழைய கரையை ஒட்டித்தான் நடந்தது. வண்டி வந்து நிற்கவேண்டும், மூட்டை இறங்கவேண்டும், உள்ளே அடுக்கவேண்டும். ஆகவே ரோட்டைப் பார்த்து ஒரு வாசல், பின்னால் நீண்டு போகிற கிட்டங்கி. அக்கம்பக்கத்துச் சுவர்கள் ஒட்டியே இருக்கும். அப்புறம் பாகப்பிரிவினை வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றால் மனையைக் குறுக்கே பிரிக்கமாட்டார்கள், பின்பாகம் கிடைத்தவனுக்கு வாசல் இருக்காதே. நெடுக்கே பிரிப்பார்கள். அடுத்த தலைமுறையில் இன்னொரு தடவை நெடுக்கே. இப்படித்தான் 22 அடி முகப்பும் 100 அடி நீளமுமாக மனைகள் உண்டாகின.

அப்படி ஒரு மனைக்குச் சொந்தக்காரர் ஒரு அண்ணாச்சி. தோணிக்காரர்களுக்குக் கயிறு, தார்ப்பாய், கப்பி, சங்கிலி விற்கிற கடை. அவர் அப்பா தொடங்கியது. ஓடு போட்ட பழைய கட்டிடம், சுவரெல்லாம் பவளக்கல்லும் சுண்ணாம்பும். இடித்துவிட்டு மூன்று தளம் கட்ட வேண்டும் என்று வந்தார்.

இப்போது தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கட்டிட விதிதான். 2019 பிப்ரவரி 4 முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். பஞ்சாயத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று இருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாக ஆக்கினார்கள். 18.30 மீட்டர் உயரம்வரை உள்ளவை உயரமில்லாத கட்டிடங்கள். அதற்கு மேலே போனால் உயர்மாடிக் கட்டிடம், கணக்கே வேறு. முன்பக்கம் எவ்வளவு விடவேண்டும் என்பது எதிரே இருக்கிற ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் எவ்வளவு என்பது கட்டிடத்தின் உயரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்தது.

அண்ணாச்சிக்கு நான் பேப்பரில் கோடு போட்டுக் காட்டினேன். பேச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் என்று வைத்தாலே 22 அடியில் ஆறரை அடி போய்விடும். மீதி பதினைந்தரை. இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவர். உள்ளே நிற்பது 14 அடி. அதில் ஒரு மாடிப்படி வேண்டும், மேலே லாட்ஜ் என்றால் லிஃப்டும் வேண்டும்.

அவர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இதுல யாவாரம் பாக்க முடியாது. முடுக்குதான் பாக்கலாம்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஆள் மட்டும் நடந்துபோகிற அளவுக்கு இருக்கிற சந்துக்கு எங்கள் பக்கத்தில் முடுக்கு என்று பெயர்.

அண்ணாச்சியின் சங்கடம் எனக்குப் புரிகிறது. அதே சமயம் முடுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காரணம் படிப்பில் கற்றதைவிட அதிகமாகத் தூத்துக்குடிக் காற்றில் கற்றது. கொண்டல் காற்று அடிக்கிற மாதங்களில் கடலிலிருந்து வருகிற உப்பு சுவரில் ஏறும். பூச்சு முதலில் லேசாக உப்பும். விரலால் தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். அடுத்த மழைக்கு அந்த இடம் பாளமாகப் பெயர்ந்து விழும். உள்ளே கம்பி செம்பழுப்பாகத் தெரியும். கம்பி துரு ஏறினால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். அந்த நேரத்தில் ஒரு கொத்தனார் வெளிப்பக்கமாக நின்று கரண்டி போடவேண்டும். சாரம் கட்ட இடம் வேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்டிய இரண்டு கட்டிடங்களில் இது நடக்கவே நடக்காது. இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு கை அகலத்தில் விட்டிருப்பார்கள், அதில் மழைத்தண்ணீர் இறங்கி நிற்கும், இரண்டு வீட்டுச் சுவரும் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். யாராலும் அங்கே போகமுடியாது. முப்பது வருடம் கழித்து அந்தக் கட்டிடத்துக்கு வயது அறுபது ஆகியிருக்கும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவர்கள் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டார்கள். கடலோரத்தில் பக்க இடைவெளி என்பது கட்டிடத்தின் ஆயுள்.

தண்ணீரும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. பக்கிள் ஓடைக்குப் போய்ச் சேரவேண்டிய தண்ணீர் தெருக்களிலேயே நின்றது. என் தெருவில் எந்த வீட்டு முடுக்கு மண்ணும் வாறுகாலுமாகத் திறந்து இருந்ததோ அங்கே தண்ணீர் முதலில் வடிந்தது. சிமெண்ட் போட்டு அடைத்து மேலே ஷீட் போட்டு ஸ்டோர் ரூம் ஆக்கியிருந்த இடங்களில் வாசல் தண்ணீர் வாசலிலேயே கிடந்தது. அப்புறம் தீ. 2017 மே 31-ஆம் தேதி சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு பல மாடி ஜவுளிக்கடை பற்றி எரிந்தது. ஒரு நாளைக்கும் மேல் எரிந்து, கடைசியில் கட்டிடத்தையே இடித்துத் தள்ள வேண்டி வந்தது. தார்ப்பாயும் நைலான் கயிறும் அடுக்கி வைத்திருக்கிற கடைக்கு இதை நான் தனியாக விளக்கவேண்டியதில்லை.

ஆக, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விதி நியாயம். மனையின் நிலைமையும் நிஜம். அந்த இடத்தில்தான் தளர்வு கேட்பது என்கிற விஷயம் வருகிறது.

தளர்வு கேட்கிறதே தப்பு என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது கள்ள வழி, ஆள் பிடித்து நடத்துகிற காரியம் என்று ஒரு எண்ணம். உண்மையில் திட்டமிடல் சட்டம் பிறந்தபோதே அதுவும் கூடப் பிறந்தது. 1915-இல் நியூயார்க்கில் ஈக்விட்டபிள் பில்டிங் என்று ஒன்று மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு நெட்டுக்கு எழுந்தது. அக்கம்பக்கம் ஏக்கர் கணக்கில் இருட்டடைந்தது. 1916-இல் அந்த ஊர் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. மேலே போகப்போகப் பின்வாங்கிக் கட்டவேண்டும் என்றது. அப்போதே முறையீட்டு வாரியம் ஒன்றையும் வைத்தார்கள். எல்லா மனையும் சதுரமாக இருக்காது, விதியை அப்படியே அமல்படுத்தினால் சிலருக்கு மட்டும் தேவையில்லாத கஷ்டம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அங்கே இதற்கு ஒரு உரைகல் உருவானது: கஷ்டம் நிலத்தினால் வந்ததாக இருக்கவேண்டும், கேட்கிறவர் தானே உண்டாக்கிக்கொண்டதாக இருக்கக்கூடாது.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. 1971-ஆம் வருடத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் நிபந்தனையோடு விலக்கு கொடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. படித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அவ்வளவு அகலமான அதிகாரம். அதனாலேயே அது நீதிமன்றத்துக்குப் போனது. சென்னையில் இருக்கிற கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப், இந்தப் பிரிவே செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இந்தப் பிரிவின் கீழ் அரசு கொடுத்த 62 விலக்கு உத்தரவுகளை எடுத்து வைத்தார்கள். முன்பக்க இடைவெளி, பக்க இடைவெளி, தளப்பரப்பு, வண்டி நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றிலும் எதையாவது தளர்த்திய உத்தரவுகள்.

2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் அந்தச் சட்டம் எதற்காக வந்ததோ அந்த நோக்கத்துக்கு உள்ளேதான் விலக்கும் இருக்கவேண்டும், ஏன் கொடுக்கிறோம் என்ற காரணம் உத்தரவில் இருக்கவேண்டும், காரணம் சொல்லாமல் கொடுத்தது நிற்காது என்றது. இந்தத் தொழிலுக்கு வருகிற இளைய பொறியாளர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது உட்கார்ந்து படிக்கவேண்டும். மனு எழுதுவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். உத்தரவில் காரணம் இருக்கவேண்டும் என்றால், அந்தக் காரணத்தை மனுவிலேயே நாம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அண்ணாச்சி முதலில் ஒரு மனுவைத் தானே எழுதி எடுத்து வந்தார். நல்ல கையெழுத்து. கொரோனாவில் வியாபாரம் படுத்தது, பேங்க் கடன், மகள் கல்யாணம், மூத்த குடிமகன், கருணை கூர்ந்து அனுமதிக்கவும். படித்ததும் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் எல்லாமே உண்மை. ஆனால் எதுவும் அந்த மனையைப் பற்றியது இல்லை. நாளைக்கு அவர் அந்த இடத்தை விற்றுவிட்டால் கல்யாணமும் கடனும் அவரோடு போய்விடும். கட்டிடம் ஐம்பது வருடம் அங்கேயே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஐம்பது வருடம் அதன் பக்கத்தில் குடியிருப்பார்.

"அண்ணாச்சி, உங்க கஷ்டத்த எழுதாதீங்க. உங்க இடத்தோட கஷ்டத்த எழுதுங்க" என்றேன்.

"எடத்துக்கு என்ன கஷ்டம்?"

"22 அடிதான் அகலம். அதுதான் கஷ்டம். அது எப்போ 22 அடி ஆச்சுன்னு காட்டணும்."

அதற்காக மூலப் பத்திரத்தைத் தேடினோம். அவர் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. இப்போதைய விதிகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பு எழுதியது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் மனுவின் முதுகெலும்பு இதுதான். விதி வந்த பிறகு மனையைத் துண்டு போட்டு விற்றுவிட்டு, துண்டு சின்னதாக இருக்கிறது என்று அழுதால் யார் கேட்பார்கள்? மனை முதலிலிருந்தே குறுகல் என்று காட்டினால் கேட்க ஆள் உண்டு. நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் வாங்கினோம். அளவரின் அளவும் பத்திரத்தின் அளவும் கால் அடிகூட இடிக்கக்கூடாது. இடித்தால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும்.

மனு எழுதுவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்க்கவேண்டும், தளர்வு தேவையா என்பதே. தொடர் கட்டிடப் பகுதி என்று திட்டத்தில் அறிவிக்கப்பட்ட இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டலாம், பக்க இடைவெளி கேட்கமாட்டார்கள். பழைய கடைவீதிகள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன என்பதை விதியே ஒத்துக்கொள்கிற இடம் அது. உங்கள் சர்வே எண் அதற்குள் வந்தால் வேலை முடிந்தது. பலர் இதைப் பார்க்காமலேயே விலக்கு கேட்டு அலைகிறார்கள். அண்ணாச்சியின் மனை அதற்குள் வரவில்லை.

அடுத்த வழி, பக்கத்து மனையோடு சேர்ந்து கட்டுவது. இரண்டு மனையையும் ஒன்றாக்கி ஒரே பிளானாகப் போட்டால் நடுவில் முடுக்கு எதற்கு? 44 அடி முகப்பு கிடைக்கும், இரண்டு ஓரத்திலும் தாராளமாக விடலாம், ஒரே படி, ஒரே லிஃப்ட். பக்கத்து மனை அவர் சித்தப்பா மகனுடையது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "அவன்கூடப் பேசி வருசமாச்சு தம்பி" என்றார். நான் மேலே பேசவில்லை. இந்த ஊரின் எத்தனையோ குறுகல் கட்டிடங்களுக்குக் காரணம் விதியும் இல்லை, நிலமும் இல்லை, பேசாமல் போன அண்ணன் தம்பிகள்தான்.

எவ்வளவு கேட்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தேவையானதில் மிகக் குறைந்ததை மட்டும் கேட்கவேண்டும். நாலு பக்கமும் விலக்கு கேட்டால் விதியே வேண்டாம் என்று சொன்னதாகும். அண்ணாச்சிக்காக வேறு வேறு விதமாகப் படம் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்தை முழுசாக விட்டுவிடலாம். ரோடு நாளைக்கு அகலமாகும்போது அதுதான் முதலில் போகும், அங்கே விலக்கு வாங்கிக் கட்டுவது கைக்காசைத் தெருவில் கொட்டுகிற வேலை. பின்பக்கமும் முழுசாக விடலாம், நீளம்தான் இருக்கிறதே. பக்கவாட்டில் தெற்குப் பக்கம் விதிப்படி முழு இடைவெளி. வடக்குப் பக்கம் மட்டும், அதாவது சித்தப்பா மகன் மனைப் பக்கம் மட்டும், இடைவெளி இல்லாமல் கட்ட அனுமதி. பதிலுக்கு நாங்கள் தருவது: தெற்கு முடுக்கில் ஒரு பைப் கூட வைக்கமாட்டோம், அடைக்கமாட்டோம், தரையை மண்ணாகவே விட்டு மழைநீர்த் தொட்டி போடுவோம், கயிறும் தார்ப்பாயும் தரைத்தளத்தில் மட்டும் இருக்கும், தீயணைப்புத் துறை சொல்கிற ஏற்பாடுகளை முழுசாகச் செய்வோம். மூன்று தளத்தை இரண்டாகக் குறைத்தோம். லாட்ஜ் போய்விட்டது. அண்ணாச்சிக்கு வருத்தம்தான்.

இது தெருவோடு முடிகிற கதையும் இல்லை. இங்கே கடலும் செட்பேக் கேட்கிறது.

பீச் ரோட்டுப் பக்கம் இடம் வைத்திருக்கிற சிலர், 113-இல் விலக்கு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. 113 தருகிற விலக்கு 1971 சட்டத்துக்கும் அதன் விதிகளுக்கும் மட்டுந்தான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 1991-இல் முதலில் வந்தது, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை அதன் கணக்கு. ஏற்கெனவே கட்டிடங்கள் நிறைந்த நகரப் பகுதியில் பொதுவாக, இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டிடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம், கடல்பக்கமாகக் கூடாது. உள்ளூரில் அனுமதி இருக்கிறது என்று காட்டினால் போதாது என்பதற்குக் கொச்சிக்குப் பக்கத்தில் மரடு சாட்சி. உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களை, கடற்கரை மண்டல விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாங்கிக் குடியிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

இந்தக் கடலுக்கு முன்பு இயற்கையாகவே ஒரு இடைவெளி இருந்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அலையின் வேகத்தை முதலில் அவை வாங்கிக்கொள்ளும். ஊர் வளர்ந்தபோது அந்தப் பவளத்தை வெட்டி எடுத்துத்தான் சுவர் வைத்தோம், சுண்ணாம்பு சுட்டோம். அண்ணாச்சியின் பழைய கடைச்சுவரில் கைவைத்துப் பார்த்தால் அதன் துளைகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். 1986-இல் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஊருக்கு நேர் எதிரே இருக்கிற வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைக் கட்டுமானங்களை இறக்கி அரிப்பைத் தடுக்கப் பாடுபடுகிறார்கள். விட்டு வைத்திருந்த இடைவெளியை நிரப்பிவிட்டு, பிறகு பெருஞ்செலவில் அதைத் திரும்ப உண்டாக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை எங்கள் கரையில் கண்ணால் பார்க்கலாம்.

முத்துக் குளித்த காலத்தில் இதே கடலில் வேறொரு முறை இருந்தது. நினைத்தவுடன் போய்ச் சிப்பி எடுக்கமுடியாது. சிப்பி விளைகிற கடலடித் திட்டுகளான பார்களில் முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அறுத்து, முத்தின் தரத்தை மதிப்பிட்டு, சிப்பிக்கு வயது போதுமா என்று பார்த்து, அதன் பிறகுதான் இந்த வருடம் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, உண்டு என்று அறிவிப்பார்கள். வயது போதாவிட்டால் அந்தப் பார் சும்மா கிடக்கும். முதலில் சோதனை, பிறகு அனுமதி, அப்புறம்தான் குளிப்பு.

கட்டிட விஷயத்தில் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் கட்டு, பிறகு பிடிபடு, அப்புறம் பணம் கட்டி வரன்முறை செய்துகொள். 1998-இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, விதி மீறிய கட்டிடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தினார்கள். 1999 பிப்ரவரி 28 கடைசி நாள் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2000 தீர்ப்பில் அதை ஒரே ஒரு தடவைக்கான ஏற்பாடு என்பதால்தான் விட்டது. அப்புறம் கடைசி நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-இல் 113-சி வந்தது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு என்று. அதற்கான விதிகள் 2017-இல் வந்தன.

இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஒரு கடைக்காரர் என்ன நினைப்பார்? கேட்டுவிட்டுக் கட்டுகிறவன் காத்துக்கொண்டே இருக்கிறான், கட்டிவிட்டு வருகிறவனுக்குத் திட்டம் போட்டுக் கதவு திறக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார், "முன்னாடி கேட்டா இல்லைங்குதான். கட்டிட்டுப் போய்க் கேட்டா எவ்வளவுங்குதான். நான் எப்பக் கேக்கணும்?" எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்மேல் இல்லை.

2024 டிசம்பர் 17-இல் மீரட் சாஸ்திரி நகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடியிருப்பு மனையில் கடைகள் கட்டியிருந்த விவகாரம் அது. வருடக்கணக்காக நிற்கிறது, செலவு செய்துவிட்டோம், அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதெல்லாம் மீறலுக்கு நியாயம் ஆகாது. முடிவுச் சான்று இல்லாமல் மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுக்கக்கூடாது. வரன்முறை என்பது அபூர்வமாகத்தான் இருக்கவேண்டும். கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஒப்பந்தக்காரர்களை இனிமேல் நம்பாதீர்கள். மின் இணைப்பு இல்லாத மூன்று மாடிக் கட்டிடத்துக்கு வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.

ஆனால் அந்தக் கண்டிப்பால் நியாயம் பாதிதான் நிறைவேறும். மறுபாதி அரசு செய்யவேண்டியது. முன்கூட்டியே வந்து கேட்கிற சின்ன மனைக்காரருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வேண்டும். 22 அடி மனைக்கான விண்ணப்பம் கோட்டைவரை போகத் தேவையில்லை. இத்தனை அடிக்குக் கீழே முகப்பு, இந்தத் தேதிக்கு முந்தைய பத்திரம் என்று வரையறை வைத்து மாவட்ட அளவிலேயே ஒரு குழு கேட்டு முடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதையும் அந்தக் குழு கேட்கவேண்டும், ஏனென்றால் இடைவெளியில் வருகிற காற்று அவருக்கும் உரியது. கொடுத்த விலக்கு, மறுத்த விலக்கு இரண்டையும் காரணத்தோடு இணையத்தில் போடவேண்டும். காரணம் வெளியே தெரிந்தால் அடுத்து வருகிறவருக்கு எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்துவிடும். பாதிக் கூட்டம் தானாகக் குறையும். 2019 விதிகளைப் போட்டபோது ஊர் ஊராக வேறுபட்டதையெல்லாம் ஒன்றாக்கியது நல்ல காரியம். பழைய துறைமுக ஊர்களின் ஒடுங்கி நீண்ட மனைகளுக்கு என்று அதில் ஒரு அத்தியாயம் சேர்த்தால் அது இன்னும் நல்ல காரியம். தூத்துக்குடிக்கு மட்டுமில்லை, நாகப்பட்டினத்துக்கும் குளச்சலுக்கும் அது பயன்படும்.

அண்ணாச்சி விஷயத்தில் போன மாதம் ஒரு திருப்பம். மனுவோடு வைக்க வடக்குப் பக்கத்துக்காரரின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தேன். சட்டப்படி அது ஒன்றையும் தீர்மானிக்காது, பார்க்கிற அதிகாரிக்கு ஒரு தெம்பு கொடுக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சி பனிமய மாதா கோயில் திருவிழா சமயத்தில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். கடிதம் கிடைத்தது. கூடவே சித்தப்பா மகன் ஒரு கேள்வியும் கேட்டனுப்பினார்: அவர் மனையில் அவர் கட்டும்போது அதே சுவரை ஒட்டிக் கட்ட அவருக்கும் இந்த விலக்கு கிடைக்குமா என்று.

நல்ல கேள்வி. அவருக்கும் சேர்த்து ஒரே படத்தில் இரண்டு கட்டிடத்தையும் வரைந்து, நடுவில் பொதுச்சுவர், இரண்டு வெளி ஓரத்திலும் முழு முடுக்கு என்று காட்டி, இரண்டு மனுவையும் ஒன்றாகப் போட்டிருக்கிறோம். ரசீது வாங்கிவிட்டோம். அண்ணாச்சி பழைய கடையின் ஓட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வியாபாரம் பார்க்கிறார். உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு செங்கல்கூட இறக்கக்கூடாது என்று ஒப்பந்தக்காரரிடம் இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். பதில் வந்ததும், சம்மதமோ மறுப்போ, அதில் என்ன காரணம் எழுதியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.